சித்திரக்கதை: ஒரு சிறு வரலாறு



நூல்கள் பலவகை. மதித்துப் போற்றப்படும் நூல்கள் உண்டு. மதிக்கப்படாமலே விரும்பிப் படிக்கப்படும் நூல்களும் உண்டு. முதல்வகை நூல்கள் கண்ணாடிப் பேழையில் உறங்கும். இரண்டாம்வகை நூல்கள் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து, ஓரம் மடங்கி, இறுதியில் எடைக்கடைத் தராசில் ஏறும். இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்த சித்திரக்கதை நூலின் வரலாற்றையே இன்று உங்களுடன் பேச விழைகின்றேன். ‘காமிக்ஸ்’ என்று நீங்கள் வழங்குவது இதனையே.

முப்பதாண்டுகளுக்கு மேல் பள்ளியில் பணியாற்றியவன் நான். அக்காலமெல்லாம் பெற்றோர் என்னிடம் ஓயாது கேட்ட வினா ஒன்றுண்டு. “ஐயா, என் மகன் எந்நேரமும் படக்கதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இது படிப்பைக் கெடுக்காதா?” என்பதே அது. இவ்வினாவை எழுப்பியவர்கள் நம் ஊர்ப் பெற்றோர் மட்டுமல்லர். ஒரு பெரிய நாடே இவ்வினாவை எழுப்பி, அவசரத்தில் ஒரு விடையும் கண்டு, அவ்விடையின் பேரில் நூல்களுக்குத் தீயும் வைத்தது. அவ்வரலாற்றை அறிந்த பின்னரே பெற்றோரின் வினாவுக்கு நாம் விடை கூறுதல் முறையாகும்.

படத்தை அடுத்தடுத்து வைத்துக் கதை சொல்லும் கலை மிகத் தொன்மையானது. அதனைக் காணக் கடல்கடந்து செல்ல வேண்டுவதில்லை; காஞ்சிபுரம் வரை சென்றாற் போதும். எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் எடுப்பித்த வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரில், பல்லவர் குலவரலாறு வரிசை வரிசையாகப் புடைப்புச் சிற்பங்களில் காட்டப்பட்டுள்ளது. அரசன் வாரிசின்றி மறைகின்றான். அமைச்சரும் பெருமக்களும் இரணியவர்மனிடம் சென்று ஓர் அரசனைத் தருமாறு வேண்டுகின்றனர். அவன் மக்களுள் பன்னிரண்டு வயதே நிரம்பிய பல்லவமல்லன், “யான் செல்வேன்” என்று முன்வருகின்றான். இக்காட்சிகளின் கீழே விளக்கமும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. மேலே காட்சி, கீழே எழுத்து. ஒரு கட்டத்திற்கு அடுத்து இன்னொரு கட்டம். சித்திரக்கதையின் இலக்கணம் இதனின் வேறன்று.

திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டப விதானத்தில், பதினேழாம் நூற்றாண்டில், முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையை நீண்ட பட்டைகளாக வண்ணத்தில் தீட்டினர். அங்கும் ஒவ்வொரு காட்சிக்கும் தமிழில் குறிப்பு உண்டு. ஐரோப்பாவிலோ, நார்மானியர் இங்கிலாந்தை வென்ற 1066-ஆம் ஆண்டுப் போரை ஏறத்தாழ எழுபது மீட்டர் நீளத் துணியில் நூலால் தைத்து, இலத்தீன் மொழியில் விளக்கமும் தைத்து வைத்தனர். பாயோ நகரில் பேணப்பட்டு வந்த அத்துணி, இரு கண்டங்களுக்கும் பொதுவான ஒரு வழக்கத்திற்குச் சான்றாகும். மனிதன் எழுத்தையும் படத்தையும் இணைத்தே கதை கேட்க விரும்பினான்.

ஆயினும் கோயிற்சுவரைக் காணக் கோயிலுக்குச் செல்லல் வேண்டும். சுவர் வீட்டிற்கு வாராது. வீட்டிற்கு வரும் சித்திரக்கதையைப் படைத்தவர் யார்? இங்கேதான் ஆசிரியனாகிய எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தியொன்று இருக்கின்றது. அவரும் ஓர் ஆசிரியரே!

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றோர் கொமீனியசு என்ற பெயரை அறிவர். மொராவிய நாட்டில் பிறந்த அக்கல்வியாளர், 1658-ஆம் ஆண்டில் நியூரம்பெர்க் நகரில் குழந்தைகளுக்கென ஒரு படநூலை வெளியிட்டார். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எண் இட்டு, அவ்வெண்ணுக்குரிய சொல்லை இலத்தீனிலும் செருமானியிலும் தந்தார். கண் கண்டதை நா சொல்லட்டும் என்பது அவர் கொள்கை. ஆனால் அந்நூலில் பொருள்கள் இருந்தன, கதை இல்லை.

கதையைக் கொணர்ந்தவர் செனீவா நகரத்து உரோடோல்ஃப் தோப்ஃபர். 1799-இல் பிறந்த இவர் ஓர் ஓவியரின் மைந்தர். தாமும் ஓவியராக விழைந்தார். கண்நோய் அவ்விருப்பத்தைத் தடுத்தது. எனவே ஆசிரியராகி, மாணவர் தங்கிப் பயிலும் பள்ளியொன்றை நடத்தினார். அம்மாணவர்களை மகிழ்விக்க, 1827-ஆம் ஆண்டில் பக்கத்திற்குச் சில கட்டங்களாகக் கோட்டுப்படம் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஓரிரு வரி எழுதி, ஒரு வேடிக்கைக் கதையை உருவாக்கினார். கையெழுத்துப் படிகளாகவே உலவிய அவர் கதைகளைச் செருமானியப் பெருங்கவிஞர் கதே தம் முதுமையில் கண்டு பாராட்டினார். பின்னர்ச் செனீவாக் கல்விக்கழகத்தில் பேராசிரியரான தோப்ஃபர், வேடிக்கைப் படம் வரைவது தம் பெயருக்கு இழுக்காகுமோ என்று தயங்கினார். 1833-ஆம் ஆண்டில் அச்சிட்ட நூலை 1835 வரை விற்பனைக்கு விடவில்லை. படத்தை நீக்கினால் எழுத்துக்குப் பொருளில்லை, எழுத்தை நீக்கினால் படம் தெளிவுபடாது. இரண்டும் கூடியே ஒரு நூலாகின்றன என்பதை அவர் தெளிவாக உணர்ந்திருந்தார். பள்ளிக்கூட வாயிலில் பிற்காலத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட சித்திரக்கதை, பள்ளிக்கூடத்திற்குள்ளேதான் பிறந்தது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அடுத்த காட்சி அமெரிக்கா. 1895-ஆம் ஆண்டளவில் நியூயார்க் நாளிதழ்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு, ஞாயிறுதோறும் வண்ணப் படக்கதைகளை வெளியிடத் தொடங்கின. ஆங்கிலம் சரளமாகப் படிக்க இயலாத புதுக்குடியேறிகளும் அவற்றை விரும்பி வாங்கினர். 1934-ஆம் ஆண்டில் அவ்வகைக் கதைகளைத் தொகுத்துப் பத்துச் சென்ட் விலையில் தனி இதழாக விற்றனர். 1938-ஆம் ஆண்டில் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ என்னும் இதழின் முதல் எண் வெளிவந்தது. செர்ரி சீகல், சோ சூசுட்டர் என்னும் இரண்டு இளைஞர் படைத்த ‘சூப்பர்மேன்’ அதில்தான் தோன்றினான். அவ்விளைஞர்கள் தம் படைப்பின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டனர். பின்னர் அவன் ஈட்டித்தந்த பெருஞ்செல்வம் பிறர் கைக்குப் போயிற்று.

இதழ்கள் பெருகின. நல்லனவும் வந்தன, கொலையும் கொடூரமும் நிறைந்த தீயனவும் வந்தன. பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சத்தைக் காரணமற்றது என்று நான் கூற மாட்டேன். ஆனால் அச்சம் என்ன செய்தது? 1948-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், மேற்கு வர்சீனியா மாநிலத்தின் இசுபென்சர் என்னும் சிற்றூரில், பள்ளி மாணவர்கள் வீடுவீடாகச் சென்று ஏறத்தாழ 2000 இதழ்களைத் திரட்டிப் பள்ளி வளாகத்திலேயே குவித்துத் தீயிட்டனர். வேறு ஊர்களிலும் அதுபோன்றே நிகழ்ந்தது. உலகப்போர் முடிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. செருமனியில் 1933-ஆம் ஆண்டில் நூல்களை எரித்தவர்களைக் கண்டித்த நாடு அது. அந்நாட்டின் பள்ளி முற்றத்தில், நல்லெண்ணத்தின் பெயரால் குழந்தைகளின் கையிலேயே தீக்குச்சி கொடுக்கப்பட்டது.

1954-ஆம் ஆண்டில் பிரெடெரிக் வெர்தாம் என்ற மனநோய் மருத்துவர், சித்திரக்கதைகளே சிறுவர் குற்றங்களுக்குப் பெருங்காரணம் என்று ஒரு நூல் எழுதினார். இவர் தீயவர் அல்லர். நியூயார்க்கின் ஆர்லெம் பகுதியில் ஏழை நீக்ரோ மக்களுக்கென 1946-இல் மருத்துவமனை தொடங்கியவர்; பள்ளிகளில் நிறவேற்றுமை குழந்தை மனத்தைப் புண்படுத்தும் என்று நீதிமன்றத்தில் சான்று கூறியவர். அத்தகையவர் சொன்னதால் உலகம் நம்பியது. அதே ஆண்டில் அமெரிக்க மேலவைக் குழு விசாரணை நடத்தியது. அஞ்சிய பதிப்பாளர்கள் கடுமையான தணிக்கை விதிகளைத் தாமே வகுத்துக்கொண்டனர். பல இதழ்கள் மடிந்தன; ஓவியர் பலர் தொழில் இழந்தனர். 1955-இல் இங்கிலாந்தும் இதுபற்றிச் சட்டம் இயற்றியது. அமெரிக்கத் தணிக்கை முத்திரை 2011-ஆம் ஆண்டில்தான் முற்றிலும் மறைந்தது.

பின்னர் நிகழ்ந்தது வரலாற்று மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டியது. வெர்தாமின் குறிப்பேடுகள் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் நெடுங்காலம் மூடிவைக்கப்பட்டிருந்தன. 2010-ஆம் ஆண்டில் அவை ஆய்வாளருக்குத் திறக்கப்பட்டன. நூலகவியல் பேராசிரியர் கேரல் டில்லி என்னும் அம்மையார் அவற்றை நூலோடு ஒப்பிட்டு நோக்கினார். சிறுவர்கள் கூறியவற்றை வெர்தாம் சில இடங்களில் திருத்தியும், பலர் சொல்லை ஒருவர் சொல்லாக்கியும், வீட்டு வறுமை, வன்முறை போன்ற வேறு காரணங்களை விட்டும் எழுதியிருந்தமை வெளிப்பட்டது. 2012-ஆம் ஆண்டில் அம்மையார் அதனை வெளியிட்டார். ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் உண்மை வந்தது. எரிந்த தாள் வரவில்லை. நோக்கம் நல்லதாயினும் சான்று செம்மையாக இராவிடில் முடிவு தவறாகும் என்பது இதனால் நாம் பெறும் பாடம்.

தீ மட்டுமன்று, போர்க்காலத்தில் பழைய தாள் திரட்டும் இயக்கமும் இதழ்களை விழுங்கிற்று. ஆகவேதான் 1938-இல் பத்துச் சென்டுக்கு விற்ற அந்த முதல் சூப்பர்மேன் இதழின் பிரதியொன்று 2014-ஆம் ஆண்டில் 32 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பின்னர் அதனையும் விஞ்சிய விலைகள் எழுந்துள்ளன. இவ்விலை கதையின் விலையன்று. ‘போற்ற வேண்டிய காலத்தில் போற்றாமல் விட்டோம்’ என்பதற்கு உலகம் செலுத்தும் தண்டம் என்றே நான் அதனைக் கருதுகின்றேன்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1964-ஆம் ஆண்டில் பம்பாயிலிருந்து ‘இந்திரசால் காமிக்ஸ்’ வெளிவரத் தொடங்கிற்று. அமெரிக்கர் லீ பாக் 1936-இல் படைத்த முகமூடி வீரன் ‘வேதாளன்’ அதன் வழியே இந்திய மொழிகள் பலவற்றைப் பேசலானான். 1967-ஆம் ஆண்டில் அனந்த் பை என்பவர் ‘அமர சித்திரக் கதை’ வரிசையைத் தொடங்கினார். தில்லியில் ஒரு வினாடி வினா நிகழ்ச்சியில் கிரேக்கப் புராணத்தை அறிந்த சிறுவர்கள், இராமனின் தாய் யார் என்ற வினாவுக்கு விடை தெரியாமல் விழித்ததைக் கண்டதே அதற்குத் தூண்டுதல் என்பர்.

தமிழில் வார, மாத இதழ்களில் படக்கதைகள் முன்பே வந்துகொண்டிருந்தன. தனி இதழ் என்ற வகையில் திருப்பம் நேர்ந்தது 1972-ஆம் ஆண்டில். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத் தொழிலுக்கும் பெயர்பெற்ற சிவகாசியில், சௌந்தரபாண்டியன் ‘முத்து காமிக்ஸ்’ இதழைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அதன் தொடக்ககால ஆசிரியராகப் பணியாற்றினார். முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் காற்றில் மிதப்பது போலத் தெரியும் விந்தை மனிதன் கதை அது. இலண்டனில் ‘வேலியண்ட்’ என்னும் வார இதழில் 1962-இல் தொடங்கியது; ஏசூசு பிளாசுகோ என்னும் இசுபானிய ஓவியர் வரைந்தது. இலண்டன் இதழும், இசுபானியத் தூரிகையும், சிவகாசி அச்சும் கூடித் தமிழ்ச் சிறுவன் கையில் ஒரு நூலாயின.

அச்சிறுவர்களுள் நானும் ஒருவன். அப்போது ஏழாம் வகுப்பில் பயின்றுகொண்டிருந்தேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு வாடகை நூல் நிலையம் இருந்தது. ஓர் இதழை ஓர் இரவு வைத்துக்கொள்ளப் பத்துக் காசு. நால்வர் சேர்ந்து காசு போட்டு, ஒரு மண்ணெண்ணெய் விளக்கைச் சுற்றி அமர்ந்து படிப்போம். விரைந்து படிப்பவன் பக்கத்தைப் புரட்ட முயல்வான். மெல்லப் படிப்பவன் அவன் கையைப் பற்றிக்கொள்வான். மெல்லப் படிப்பவன் ஒரே திங்களில் விரைந்து படிக்கக் கற்றுக்கொண்டான். ஏனெனில் கதை அவனுக்காகக் காத்திராது! எங்கள் வகுப்பில் எவ்வாசிரியராலும் விரைவில் செய்ய இயலாத பணியை லாரன்சும் டேவிட்டும், ஜானி நீரோவும் செய்து முடித்தனர்.

1984-ஆம் ஆண்டில் அதே சிவகாசியிலிருந்து, சௌந்தரபாண்டியனின் மைந்தர் விசயன் ‘லயன் காமிக்ஸ்’ தொடங்கினார். அவ்வாண்டே ‘ராணி காமிக்ஸ்’ இதழும் வெளிவந்து, இருபதாண்டுகளுக்கு மேல் நடந்து, 2005-இல் நின்றது. வாண்டுமாமா போன்ற எழுத்தாளர்கள் தமிழ்நாட்டுக் களத்திலேயே படக்கதைகள் படைத்தனர். பின்னர்த் தொலைக்காட்சி வந்தது, வாடகை நூல் நிலையங்கள் மூடின, இதழ்கள் தளர்ந்தன. ஆயினும் 2012-ஆம் ஆண்டில் லயனும் முத்துவும் புதுப்பொலிவுடன் மீண்டன. இத்தாலி நாட்டில் 1948-இல் பிறந்த டெக்சும், பெல்சிய நாட்டில் 1946-இல் பிறந்த லக்கி லூக்கும் வழவழப்பான தாளில் வண்ணத்தில் தமிழ் பேசினர்.

பணி ஓய்வுக்குப் பின் நான் அந்நூல்களை மீண்டும் கையிலெடுத்தேன். சிறுவனாக இருந்தபோது கதையைப் படித்தேன். இப்போது கட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் படிக்கின்றேன். ஒரு கட்டத்தில் வீரன் கதவைத் தொடுகின்றான். அடுத்த கட்டத்தில் அறைக்குள் நிற்கின்றான். கதவு திறந்ததை யார் வரைந்தார்? எவரும் வரையவில்லை. படிப்பவன் மனமே அதனை வரைந்துகொள்கின்றது. திரைப்படத்தில் அந்த உழைப்பு நமக்கில்லை, சித்திரக்கதையில் உண்டு. சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே பொருள் காணப் பழகும் மாணவனுக்கு இதைவிட இனிய பயிற்சி அரிது.

நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி நூலகத்தில் சித்திரக்கதைகளுக்கென ஓர் அலமாரியை ஒதுக்கியிருந்தேன். எட்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டியே படித்த மாணவன் ஒருவன் நண்பகல் இடைவேளைதோறும் அங்கே அமர்வான். முதலில் படம் மட்டும் பார்த்தான். பின்பு பேச்சுக் குமிழில் உள்ள சொற்களை வாய்விட்டுப் படித்தான். ஆண்டிறுதியில் படமில்லாத கதைநூல் ஒன்றைக் கேட்டு வாங்கினான். படம் அவனை எழுத்தினின்று விலக்கவில்லை; எழுத்தின் வாயிலுக்கு அழைத்துச் சென்றது. எல்லா மாணவருக்கும் இவ்வாறே நிகழும் என்று நான் உறுதி கூறேன். தேர்ந்து கொடுக்க ஒருவர் வேண்டும். உடனமர்ந்து பேசவும் ஒருவர் வேண்டும். பெற்றோர் வினாவுக்கு என் விடை இதுவே: பறிக்காதீர்கள், அருகில் அமருங்கள்.

இனிச் சேகரிப்பைப் பற்றிச் சில சொற்கள். 1972-இன் இதழ்கள் இன்று கிடைப்பது அரிது. விலை குறைந்த செய்தித்தாள் வகைத் தாளில் அச்சிட்டமையால், மரக்கூழில் உள்ள பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறித் தாளை நொறுங்கச் செய்கின்றது. கரையான் ஒருபுறம், இராமபாணப் பூச்சி மறுபுறம், எடைக்கடை நடுவில்! இவற்றுக்குத் தப்பியவற்றைத் தேடிச் சேர்த்தவர்கள் பெரும்பாலும் பெரும்புலவர் அல்லர், எளிய வாசகர்களே.

காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் வாழ்ந்தார். விளம்பரப் பலகை எழுதும் தொழிலில் தொடங்கியவர். பின்னர் வாழ்நாளெல்லாம் தமிழ் அச்சேடுகளைத் தேடித் தொகுத்தார். உயர்ந்த இலக்கியம் என்றும், மலிந்த வெளியீடு என்றும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. பாட்டுப் புத்தகமும், நாடக அறிவிப்பும், பழைய இதழும் அவருக்கு ஒன்றே. 1992-இல் அவர் மறைந்தார். 1994-ஆம் ஆண்டில் சிகாகோப் பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் நூல்களும் இதழ்களும் கொண்ட அத்தொகுப்பே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. இன்று தமிழ் வரலாறு எழுதும் ஆய்வாளர் அதன் வாயிலை மிதியாமல் இருப்பதரிது. ஒருவர் குப்பை என்று எறிந்ததை இன்னொருவர் எடுத்து வைத்தமையால் ஓர் இனத்தின் நினைவு காப்பாற்றப்பட்டது.

மாணவர்களே, நீங்களும் சேகரிக்கலாம், பெரும்பொருள் வேண்டுவதில்லை. பழைய புத்தகக் கடைகளில் பொறுமையுடன் தேடுங்கள். கிடைத்த இதழை வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். கிழிந்த பக்கத்தைச் செலோ டேப் கொண்டு ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் தாளையே தின்னும். துருப்பிடித்த கம்பிகளை மெல்ல அகற்றி, நூலால் தையுங்கள். மூன்று திங்களுக்கு ஒருமுறை எடுத்துக் காற்றாட விடுங்கள். ஒரு குறிப்பேட்டில் இதழின் பெயர், எண், வெளிவந்த ஆண்டு, விலை, வரைந்தவர், மொழிபெயர்த்தவர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். பெயர் அச்சிடப்படாத ஓவியர் பலர் உளர்; அவர்களைக் கண்டறிந்து எழுதுவது ஒரு சிறிய வரலாற்றுப் பணியே ஆகும். எல்லாவற்றினும் முதன்மையாக, சேகரித்ததைப் படியுங்கள், படிக்கக் கொடுங்கள். பூட்டி வைத்த நூல் பண்டமாகும்; கைமாறும் நூலே நூலாகும்.

சித்திரக்கதை எல்லா நூல்களுக்கும் ஈடாகும் என்று நான் கூறவில்லை. காப்பியமும், ஆராய்ச்சியும், அறநூலும் தத்தம் இடத்தில் உயர்ந்து நிற்கும். ஆனால் ஒரு சமூகம் தன் குழந்தைகள் மகிழ்ந்து படித்ததை இகழ்ந்து அழிக்குமாயின், அது தன் இளமையையே அழிக்கின்றது. இன்று உங்கள் கையிலுள்ள மெல்லிய இதழ் ஐம்பதாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் தேடும் சான்றாகலாம். அதைக் காப்பதா, கைவிடுவதா என்பது உங்கள் கையில் இருக்கின்றது. காப்பீர்கள் என்று நம்புகின்றேன்.